நெய்க்காரப்பட்டித் தோப்பில் வடக்கு எந்தப் பக்கம்?

கடந்த மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தைப்பூசக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக நெய்க்காரப்பட்டிக்கு ஒரு நாள் பயணமாகப் போய்வந்தேன். பழனிக்கு அவ்வளவு பக்கத்தில் போயும் மலை ஏறவில்லை. ஒரு தென்னந்தோப்பில் இருந்த மூன்றடிக் குழியைப் பார்க்கத்தான் போனேன். 'குழியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?' என்று என் கணவரே கேட்டார். ஆகவே காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். ஓய்வு நேரத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்த ஒரு தன்னார்வக் குழுவுக்காக வேலை செய்கிறேன். பழைய நிலநடுக்கப் பதிவுகளைத் தேடிப்பிடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் ஏற்றி வைக்கிறோம். ஆய்வுத் திட்டங்கள் ஊர் ஊராகக் கருவிகளைப் புதைத்து, இரண்டு மூன்று வருடம் பதிவெடுத்து, முடிந்ததும் கிளம்பிவிடும். பதிவுகள் ஏதாவது ஒரு வன்தட்டில் கிடக்கும். அதைக்கூடத் தேடிப் பிடித்துவிடலாம். கருவி எங்கே இருந்தது, எவ்வளவு ஆழத்தில் இருந்தது, எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்ற விவரங்கள்தான் கிடைக்காது. அவை இல்லாமல் பதிவு இருந்தும் பயனில்லை. அட்டையும் முதல் பக்கமும் கிழிந்த புத்தகத்தை எந்த அலமாரியில் வைப்பது?

நெய்க்காரப்பட்டி நிலையத்தின் இரண்டு வருடப் பதிவு எங்களிடம் வந்தபோது அதில் இரண்டு கோளாறுகள் இருந்தன. கோப்பிலிருந்த இடக்குறிப்பை வரைபடத்தில் போட்டால் அது ஒரு குளத்தின் நடுவில் போய் விழுந்தது. யாரோ ஓர் எண்ணைத் தவறாக அடித்திருக்கிறார்கள். இரண்டாவது கோளாறு பெரிது. நிலநடுக்கமானியின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது வடக்கைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் அலை எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணிக்க முடியும். இந்த நிலையத்தில் முதல் பத்து மாதம் எல்லாம் சரி. பிறகு ஒரு நவம்பர் மாத நாளில், காலை பதினொன்று இருபதிலிருந்து மாலை நாலே முக்கால் வரை பதிவே இல்லை. அதற்குப் பின் வந்த பதினான்கு மாதமும் கிழக்கேயிருந்து வந்த அலை வடக்கேயிருந்து வந்ததுபோல் காட்டியது.

எங்கள் குழுவில் கணக்குப் பார்ப்பவர் வித்யா. 'கருவி திரும்பியிருக்கிறது, எழுபதிலிருந்து எண்பது டிகிரிக்குள் இருக்கும்' என்றார். ஆனால் ஏன் திரும்பியது என்று தெரியாமல் திருத்தக் கூடாது என்பது எங்கள் விதி. கருவியே பழுதாகியிருந்தால், நாங்கள் திருத்தி ஏற்றுவது பொய்யாகிவிடும். பொருத்தியவர் பராமரிப்புக்காகக் கழற்றி, கவனமில்லாமல் திரும்ப மாட்டியிருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நிலையக் குறிப்பில் நான் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன்: 'பொருத்துநரின் பிழை. கடைசிப் பதினான்கு மாதப் பதிவுகள் நம்பத்தக்கவை அல்ல.' ஏற்றுவதற்கு முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. தோன்றியது நல்லதாய்ப் போயிற்று.

பொருத்தியவர் பெயர் பதிவோடு வந்த நிலையப் படிவத்தில் இருந்தது. மைதீன், திண்டுக்கல். பக்கத்தில் எழுதியிருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்தபோது அவர் மகன் ஜாபர் எடுத்தார். அத்தா இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன என்றும், தான் வாடகைக் கார் ஓட்டுவதாகவும் சொன்னார். அத்தாவின் நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறதாம். "நானே கூட்டிட்டுப் போறேன்க்கா. வேற வண்டி பிடிக்காதீங்க" என்றார்.

திருச்சியில் காலை ஆறேகால் பேருந்து. எட்டு நாற்பதுக்குத் திண்டுக்கல். பேருந்து நிலையத்துக்கு வெளியே ஜாபர் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது பத்துக்குக் கிளம்பினோம். நாள் முழுக்க, ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டருக்கு, டீசல் சேர்த்து 2,800 ரூபாய் என்று பேசியிருந்தோம். இதே வழியில் போகிறவர்கள் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் பேருந்திலும் போகலாம், அடிக்கடி உண்டு. ஆனால் பழனிக்கு அப்பால் தோப்புகளுக்குள் போக வண்டி இல்லாமல் முடியாது.

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் இடது பக்கம் மலை கூடவே வருகிறது. வெயில் ஏறுவதற்கு முந்தைய நீல நிறம். சாலையோரத்தில் தைப்பூசத்துக்கு நடந்துபோனவர்களுக்காகப் போட்ட பந்தல்களின் கால்கள் இன்னும் சில இடங்களில் நட்டபடி இருந்தன. ஒட்டன்சத்திரத்தில் பத்து மணிக்கு டீ குடித்தோம். காய்கறி ஏற்றிய லாரிகள் போய் முடிய ஜாபர் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"அக்கா, போன்ல ஏதோ சந்தேகம்னீங்க. அத்தா வேலையிலயா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. மடிக்கணினியைத் திறந்து நான் எழுதிய வரியைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இது எல்லாரும் பாக்குற மாதிரி இருக்குமா?"

"இணையத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்."

"அத்தா பேரும் அதுலயே இருக்குமா?"

"பொருத்தியவர் பெயர் போடுவது வழக்கம்."

அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு வண்டிக்குப் போய், பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு நீளமான நோட்டைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நிலையத்துக்கும் போன தேதி, பாட்டரி அளவு, மட்டம் காட்டும் குமிழி நடுவில் நின்றதா, திசைகாட்டியில் என்ன காட்டியது என்று நெருக்கமான கையெழுத்தில் எழுதியிருந்தார் மைதீன். நெய்க்காரப்பட்டிக்கு வழியும் எழுதியிருந்தது: 'ஊர் தாண்டி வாய்க்கால் பாலம். வலது மண் ரோடு. இரண்டாவது மோட்டார் ரூம். செல்வராசு தோப்பு. வீட்டம்மா மரகதம். நல்ல மனுசி, மோர் கொடுக்காமல் விடாது.' கடைசியாகப் போன தேதி செப்டம்பர் மாதம்.

"நவம்பர்ல ஏதோ ஆச்சுன்னு சொல்றீங்க. அத்தா அன்னைக்குப் போகவே இல்லக்கா. அக்டோபர்ல நெஞ்சு வலி. மதுரை ஆஸ்பத்திரில அம்புட்டு நாள் கெடந்தாரு. நவம்பர் பூரா வீட்ட விட்டு எறங்கல. அதுக்கப்புறம் அந்த வேலைக்கே போகல. வேற ஆளுங்கதான் வந்து பதிவு ஏறுற கார்டை மாத்திட்டுப் போனாங்க."

எனக்குச் சுருக்கென்றது. இறந்துபோன ஒரு மனிதர்மேல், விசாரிக்காமலே ஒரு குற்றத்தை எழுதிவைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்கக்கா, நேர்ல வந்து கேக்குறீங்கள்ல" என்றார். ஆனால் பழனி வரை வண்டியை வேகமாகத்தான் ஓட்டினார்.

பழனியில் பத்து ஐம்பது. அங்கிருந்து நெய்க்காரப்பட்டி பத்து கிலோமீட்டர். நோட்டிலிருந்த வாய்க்கால் பாலத்தைக் கண்டுபிடிக்க இரண்டு முறை வழி கேட்டோம், ஏனென்றால் இப்போது அங்கே மூன்று பாலங்கள் இருக்கின்றன. "செல்வராசுங்களா? பூமி ஆடுற பொட்டி வெச்சிருந்தாங்களே, அந்தத் தோட்டமுங்களா?" என்று சைக்கிளில் வந்தவர் கேட்டார். கருவியை எடுத்துப்போய் இத்தனை வருடமாகியும் ஊரில் அந்தத் தோட்டத்துக்கு அதுதான் அடையாளம். பதினொன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

மரகதத்துக்கு ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது இருக்கும். தக்காளிச் செடிகளுக்கு நடுவிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கணவர் செல்வராசு லோடு ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போயிருந்தார். நாங்கள் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "உள்ள வாங்க அம்மிணி, மொதல்ல மோர் குடிங்க" என்று சொல்லிவிட்டு, மோர் கலக்கிக் கொண்டுவர வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

குழி தோப்பின் கடைசியில், மோட்டார் அறையிலிருந்து நூறு அடி தள்ளி இருந்தது. மேலே தென்னை மட்டைகளைக் குவித்திருந்தார்கள். மூவரும் சேர்ந்து விலக்கினோம். உள்ளே சிமெண்டுத் தளம் அப்படியே இருந்தது. ஒரு குச்சியை விட்டு ஆழம் அளந்தேன், தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். கைபேசியைத் தளத்தின் நடுவில் வைத்து, பத்து நிமிடம் அசைக்காமல் இடக்குறிப்பை எடுத்தேன். குளத்துக்குள் கிடந்த நிலையம் கரையேறியது. முதல் வேலை முடிந்தது.

இரண்டாவது வேலையைத்தான் நான் மோசமாகத் தொடங்கினேன். "கருவியை யாராவது தொட்டார்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. ஆருமே தொடலீங்க. தொடக்கூடாதுன்னு போர்டே வெச்சிருந்தாங்களே."

"மழைக்காலத்தில், நவம்பரில்?"

"இல்லீங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் மட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டில் 'யாரும் தொடவில்லை' என்று எழுதப்போனேன். அப்போது ஜாபர் பேசினார்.

"ஆத்தா, நான் மைதீன் மகன். உங்களப் பத்தி அத்தா இந்த நோட்டுல எழுதியிருக்காரு. அவரு மவுத்தாயிட்டாரு. பொட்டிய அவரு தப்பா வெச்சிட்டாருன்னு இவங்க எழுத வேண்டி வந்துருச்சு. அதான் செத்த நேரம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம்."

மரகதம் நிமிர்ந்தார். "அவரு போய்ட்டாருங்களா?" என்று கேட்டார். ஜாபர் தலையசைத்தார். அந்த அம்மா குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்கய்யன் வெச்சது சரிதான் சாமி. நாந்தான் எடுத்தேன். அவரு வந்தா சொல்லீரோணும், வந்தா சொல்லீரோணும்னே இருந்தேன். அவரு வரவே இல்ல. வேற வேற ஆளுக வந்தாங்க. அவங்ககிட்டச் சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு. பொட்டி பல லட்சம்னு சொன்னாங்களே."

பிறகு நிதானமாகச் சொன்னார். அந்த வருட ஐப்பசியில் நல்ல மழை. தீபாவளி கழிந்து ஒரு நாள் காலையில் மேல் தோட்டத்து வரப்பு உடைந்து தண்ணீர் தோப்புக்குள் இறங்கியது. செல்வராசு வெளியூர் போயிருந்தார். மரகதம் மண்வெட்டியோடு ஓடி வந்து பார்த்தபோது தண்ணீர் குழியின் வாய்வரை வந்திருந்தது. வரப்பைக் கட்டிப் பார்த்தார், நிற்கவில்லை. தகர மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சாண் தண்ணீர். மோட்டார் அறையில் இருந்த பதிவுப்பெட்டியிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, குழிக்குள் இறங்கி, கருவியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். துணியால் துடைத்து, அரிசி மூட்டைமேல் சாக்கு விரித்து வைத்தார். பிறகு மழை விடும்வரை வாளியால் குழியைக் காலி செய்துகொண்டே இருந்தார். சுற்றிலும் மண்ணைக் கொட்டிக் கரை கட்டினார்.

"பால் கறக்குற நேரத்துக்குள்ள திரும்ப மாட்டிப்புட்டேனுங்க. அஞ்சு மணி ஆகலீங்க."

மடிக்கணினியைத் திறந்து பதிவு நின்ற நேரத்தைக் காட்டினேன். பதினொன்று இருபது முதல் நாலே முக்கால். எங்கள் கோப்பில் அந்த இடைவெளிக்கு நேரே 'காரணம் தெரியவில்லை' என்றுதான் இருந்தது.

"அது மட்டமாக நிற்க வேண்டுமே, எப்படி வைத்தீர்கள்?"

"மைதீன் பாய் வெக்கறப்ப பக்கத்துல நின்னு பாத்தனுங்களே. மேல ஒரு குமிழி இருக்கும், கொத்தனார் ரசமட்டத்துல இருக்குற மாதிரி. அது நடுவுல நிக்கற வரைக்கும் அடியில இருக்குற மூணு திருகையும் திருகுனேன். அதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு."

"அம்புக்குறி?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "அம்பு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு மட்டும் நெனப்பு வரலீங்க. அவசரத்துல பாக்காம தூக்கிட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சேன். செரி, மலையப் பாத்து வெப்போம், முருகனப் பாத்து வெச்சா தப்பு வராதுன்னு, அந்தாண்டயா வெச்சேனுங்க."

கையை நீட்டினார். இரண்டு தென்னை வரிசைகளுக்கு நடுவே, வெயிலில் மங்கலாக, பழனி மலை தெரிந்தது. உச்சியில் கோபுரம்.

நான் குழிக்குள் இறங்கி நின்றேன். கோபுரத்தை நேர்கோட்டில் பார்த்துக் கைபேசியின் திசைகாட்டியை வைத்தேன். எழுபத்திரண்டு. கைபேசித் திசைகாட்டியை முழுதாக நம்ப முடியாது என்பதால், இப்போது எடுத்த இடக்குறிப்பையும் மலைக்கோவிலின் இடக்குறிப்பையும் வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். வடக்கிலிருந்து எழுபத்து நான்கு டிகிரி. வித்யா சொன்னது எழுபதிலிருந்து எண்பதுக்குள்.

வித்யாவை அழைத்தேன். எண்ணை மட்டும் சொன்னேன். "இருங்கள்" என்று வைத்துவிட்டார். அந்த இருபது நிமிடத்தில் மரகதம் எங்களுக்கு இலை போட்டுவிட்டார். சோறு, தட்டைப்பயிற்றுக் குழம்பு, கத்தரிக்காய். ஜாபர் சாப்பிடவே இல்லை, கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"கடலுக்கு அந்தப் பக்கம் கிழக்கே நடந்த ஒரு பெரிய நிலநடுக்கத்தை எடுத்துப் போட்டேன். அலை கிழக்கேயிருந்தே வருகிறது. இன்னும் நாலைந்து போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி. பதினான்கு மாதமும் பிழைத்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?"

"நான் கண்டுபிடிக்கவில்லை. முருகனைப் பார்த்து வைத்தவர் பக்கத்தில் இருக்கிறார்" என்றேன்.

ஜாபர் எழுந்து வெளியே போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மரகதத்திடம், "ஆத்தா, நீங்க தண்ணிக்குள்ள எறங்கலேன்னா பொட்டியே போயிருக்கும்" என்றார். "ஆனாலும் சொல்லியிருக்கோணும் சாமி. உங்கய்யன் காதுல விழுந்திருக்கோணும்" என்றார் அவர். ஜாபர் என்ன நினைத்தாரோ, அத்தாவின் நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்தார். மரகதம் எழுத்துக் கூட்டிப் படித்தார். மோரைப் பற்றிய வரி வந்ததும் சிரித்துவிட்டார், அழுதும்விட்டார்.

அதற்குப் பிறகு அவருக்குப் பயம் போய்விட்டது. பதிவைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு சாதாரண நாளின் பதிவைத் திறந்து காட்டினேன். விடிகாலை ஆறு மணிக்குக் கோடு தடித்து, எட்டு மணிக்கு மெலிந்தது. "இது என்னங்க?" என்றார். மோட்டார் ஓடுவதால் வரும் அதிர்வு என்றேன். "ஏனுங்க, என்ற மோட்டாரு அமெரிக்காவுல உக்காந்து பாத்தாலும் தெரியுங்களா?" என்று கேட்டு அதை நான்கைந்து நாளுக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு நாள் கோடு ஒன்பது மணிவரை தடித்திருந்தது. "அன்னைக்கு அவரு மோட்டார நிறுத்த மறந்துட்டு டீக்கடைல உக்காந்திருப்பாருங்க. வரட்டும், கேக்கறேன்."

மூன்றரைக்குக் கிளம்பினோம். ஒரு பை தக்காளி, ஆறு இளநீர் வண்டியில் ஏறின. வேண்டாம் என்று சொல்ல இடமே கொடுக்கவில்லை. ஐந்து நாற்பதுக்குத் திண்டுக்கல். பேசிய வாடகையில் ஜாபர் டீசல் செலவுக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்தினேன். "அக்கா, எங்க அம்மாட்டப் போய் இதச் சொல்லணும். செத்த நேரம் வீட்டுக்கு வந்து நீங்களே சொல்லிட்டுப் போங்க. அது போதும்" என்றார். போனேன். ஜாபரின் அம்மா தேதிகளையும் டிகிரியையும் கேட்கவில்லை. "அவரு வெச்சது சரிதானே?" என்று மட்டும் கேட்டார். சரிதான் என்றேன். இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் சொன்னேன்.

நெய்க்காரப்பட்டி நிலையத்தின் பக்கம் இப்போது எங்கள் காப்பகத்தில் ஏறிவிட்டது. நான் எழுதிய அந்த வரி இல்லை. பொருத்தியவர் என்ற இடத்தில் மைதீன். அதற்குக் கீழே, எங்கள் படிவத்தில் இல்லாத ஒரு புதிய வரியைக் குழு ஒப்புக்கொண்டு சேர்த்திருக்கிறது: 'வெள்ளத்தில் கருவியைக் காத்து, மட்டம் பார்த்து மீண்டும் பொருத்தியவர்: மரகதம், விவசாயி.' திருத்தம் எழுபத்து நான்கு டிகிரி, காரணம், நேரம் எல்லாம் அதிலேயே இருக்கிறது.

இதுபோல் பழைய நிலையங்களைத் தேடிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மாசி, பங்குனி முதல் வாரம்வரை நல்ல காலம். தைப்பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் ஒட்டிப் போகாதீர்கள், பழனிச் சாலையில் வண்டி நகராது. கைபேசித் திசைகாட்டியை இரும்புக் குழாய், மோட்டார் பக்கத்தில் வைக்காதீர்கள். தூரத்தில் தெரியும் நிலையான ஓர் அடையாளத்தை எடுத்து, வரைபடத்தில் சரிபாருங்கள். குச்சியும் அளவு நாடாவும் கொண்டுபோங்கள். இணையத்தில் ஏற்றும் முன், அந்த வேலையைச் செய்தவரின் குடும்பம் இருந்தால் அவர்களிடம் ஒருமுறை பேசுங்கள். முக்கியமாக, 'யாராவது தொட்டீர்களா' என்று என்னைப்போல் கேட்காதீர்கள், அது விசாரணை மாதிரி இருக்கிறது. அந்தப் பெருமழையின்போது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். காப்பாற்றியவர்கள் சொல்வார்கள்.

கருவியை எங்கே வைக்க வேண்டும் என்பதைப் பற்றி எனக்குத் தெரியாது. அதற்கான ஆலோசனை போன வாரம் மரகதத்திடமிருந்து குரல் செய்தியாக வந்தது. அப்படியே தருகிறேன்: "அம்மிணி, நல்லா இருக்கீங்களா? மறுக்கா பொட்டி வெக்கறதா இருந்தா நம்ம தோட்டத்துலயே வெய்யுங்க. ஆனா அந்தக் குழி வேண்டாம். கெழக்குப்புறத்து மேட்டுல வெச்சுக்கலாம். தண்ணி எந்தப் பக்கமா வரும்னு பொட்டி வெக்கறவங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும்."